திருகோணமலைப் படைத்தளங்களுக்குப் பிள்ளைகளோடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள், பையை வீட்டில் வைத்த உடனேயே கேட்பது "நேவிக்காரர் படிக்கிற இடத்தைப் பார்க்கலாமா?" என்றுதான். ஆசைப்படுவது நியாயம். 1967இல் தொடங்கிய கடற்படையின் பயிற்சிக் கல்லூரி இங்கே டொக்யார்டு எனும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. விமானப்படையின் கல்லூரி சீனக்குடாவில். ஆனால் பெரியவர்கள் பலர் யாரிடமும் கேட்காமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

இரண்டும் படையினர் கடமையில் இருக்கும் தளங்கள். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வருவோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எல்லாம் கொடுத்து, சரி என்று பதில் வந்த பிறகு நாளைக் குறியுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் மட்டக்களப்பிலிருந்து வந்த பெரியம்மா, அடையாள அட்டையை வேறு கைப்பையில் விட்டுவிட்டு வந்திருந்தார். காவலில் நின்ற பொடியன் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துப் பேனையோடு காத்திருக்க, பெரியம்மா பையைக் கவிழ்த்துக் கொட்டினார். விபூதிச் சரை, தைலப் போத்தல், பழைய பஸ் டிக்கெட்டுகள் விழுந்தன. அட்டை மட்டும் இல்லை. அவரைத் தனியே விட மனமில்லாமல் எல்லோரும் திரும்பினோம். பின் ஆசனத்தில் சின்னவன் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. முதல்நாள் இரவே எல்லாருடைய அட்டைகளையும் ஒரே உறையில் போட்டு, வாகனம் ஓட்டுபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

உடுப்பிலும் கவனம் வேண்டும். படைச் சீருடை போலத் திட்டுத்திட்டாகப் பச்சை அடித்த ரவுசரைப் பிள்ளைகளுக்கு ஆசையாகப் போட்டுவிடாதீர்கள். வாசலில் தேவையில்லாத கேள்விகள் வரும்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் நாளே போய்விட்டது என்று சோர்ந்துவிடாதீர்கள். பிரட்ரிக் கோட்டை இருக்கிறதே! இராணுவம் இருக்கும் இடம்தான், என்றாலும் கோணேஸ்வரத்துக்குப் போகும் வழி அதற்குள்ளால்தான் போகிறது. கோயிலுக்கு ஓடும் அவசரத்தில் கோட்டையைப் பார்க்காமலே மேலே ஏறிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. வாசலில் இறங்கி அந்தக் கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பழைய கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களையும் சேர்த்து 1624இல் கட்டிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் வசமானது. மேலே ஏறியதும் கடலைக் காட்டி, பெரிய கப்பல்கள் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால்தான் இத்தனை பேர் இந்த ஊருக்கு அடிபட்டார்கள் என்று சொல்லுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். ஆங்கிலேயக் கடற்படை இங்கிருந்த தன் தளத்தை இலங்கையிடம் கொடுத்தது 1957இல்.

படம் எடுப்பதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். காவலரண், முகாம் கட்டடம், கடமையில் நிற்பவர்கள் பக்கம் போனைத் திருப்பவே வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

அப்புறம், மான்கள். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் திரியும். பிள்ளைகள் பிஸ்கற் நீட்டுவார்கள், வெறும் உறை நிலத்தில் விழும். ஒரு பெண்மான் சொப்பிங் பை ஒன்றை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து விழுங்குவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கிட்டப் போனால் பையோடு ஓடிவிடும், பிடுங்கவும் முடியாது. சாப்பாட்டை வாகனத்திலேயே முடித்துவிட்டு, குப்பையைத் திரும்பக் கொண்டு போங்கள்.

ஐப்பசியில் காலை வெயிலை நம்பிப் பயணத்தை மதியத்துக்குத் தள்ள வேண்டாம். கோயில் நடையும் மதியம் சாத்திவிடுவார்கள். பின்னேரம் இடியோடு மழை இறங்கும் காலம் இது. கோயிலருகே மலைப்பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் பாறை திறந்தவெளி, ஒதுங்க இடமில்லை. மேகம் கறுக்கத் தொடங்கியதும், ஒரு படம் குறைந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கீழே இறங்கிவிடுங்கள்.