தேக்கரண்டியில் எத்தனை மில்லிலீற்றர்? வீட்டுக் கரண்டியை அளந்து பார்க்கும் முறை

வன்னியில் பல வீடுகளில் சமையல் இன்னும் சுண்டுக் கணக்கிலும் கைப்பிடிக் கணக்கிலும்தான் நடக்கிறது. சோற்றுக்கும் குழம்புக்கும் அது தாராளமாகப் போதும். கேக் அடிக்கும்போதும், அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இருக்கும் மச்சாள் அனுப்பிய குறிப்பைப் பார்த்துச் செய்யும்போதும்தான் மில்லிலீற்றர் கணக்குத் தேவைப்படும்.

இரண்டு எண்களை மனதில் வைத்தால் போதும். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், ஒரு மேசைக்கரண்டி 15. அதாவது மூன்று தேக்கரண்டி சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி.

குறிப்பில் 60 மில்லிலீற்றர் எண்ணெய் என்று இருந்தால் 15ஆல் வகுங்கள்: 4 மேசைக்கரண்டி. 40 என்றால்? இரண்டு மேசைக்கரண்டிக்கு 30 போய்விடும். மீதி 10க்கு இரண்டு தேக்கரண்டி. காட்டுத்தேன் 750 மில்லிலீற்றர் போத்தலில் வாங்கினால் அதில் 50 மேசைக்கரண்டி இருக்கும். நாளுக்கு ஒன்று என்றால் 50 நாள் வரும்.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் கரண்டியில்தான் இருக்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி கலக்கும் கரண்டி எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் உங்கள் கரண்டியை ஒருமுறை அளந்து விடுங்கள்.

பாமசியில் ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். 5 என்ற கோடுவரை தண்ணீரை இழுங்கள், உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. கரண்டியை ஒரு தட்டின் மேல் சரியாமல் பிடித்து, தண்ணீரை மெல்ல விடுங்கள். நிறைந்த பிறகும் தண்ணீர் வழியாமல் விளிம்புக்கு மேலே கொஞ்சம் உப்பி நிற்கும். அந்த உப்பலைக் கணக்கில் எடுக்காதீர்கள். விளிம்போடு மட்டமானதும் நிறுத்தி, சிரிஞ்சில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். 1 மிஞ்சினால் உங்கள் கரண்டி 4 மில்லிலீற்றர்தான். மேசைக்கரண்டிக்கும் இதே முறை, சிரிஞ்சை மூன்று முறை நிரப்ப வேண்டிவரும், அவ்வளவுதான்.

மா, சீனி, அப்பச்சோடா போன்றவற்றைக் குவித்து அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டி எடுங்கள். தட்டாமல் கும்பமாகவே விட்டால் அளவு எங்கேயோ போய்விடும்.

இனி மச்சாளின் குறிப்புக்கு வருவோம். அவுஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். அங்கே 3 மேசைக்கரண்டி என்று எழுதினால் அது 60, நமக்கு 4. எண்ணெயில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பேக்கிங் பவுடரில் கட்டாயம் தெரியும். கனடாக் குறிப்பு என்றால் 15தான். கப் என்று இருந்தால் பெரும்பாலும் 250, அமெரிக்கக் கப் மட்டும் ஏறக்குறைய 237.

மில்லிலீற்றரையும் கிராமையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். தண்ணீருக்கு மட்டும்தான் 15 மில்லிலீற்றர் 15 கிராம். அதே மேசைக்கரண்டியில் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், தேன் 21 கிராம் அளவில் நிற்கும். தேனை நிறுத்து விற்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளின் பாணி மருந்துக்கு மட்டும் வீட்டுக் கரண்டி வேண்டவே வேண்டாம், அளந்து பார்த்த கரண்டியாக இருந்தாலும் சரி. மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். வயலுக்குப் பூச்சிமருந்து அளந்த கரண்டியும் சிரிஞ்சும், எவ்வளவு கழுவினாலும், சமையலறைக்குள் வரக் கூடாது.