கொந்தளிக்கும் இளம் விண்மீனில் கிரகத்தின் நிழலைத் தேடுவது எப்படி

செப்டம்பர் மாத இரவில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று மகர ராசிக்குத் தெற்கே பார்ப்பேன். காலி வீதி வெளிச்சத்தில் வானம் வெளிறிக் கிடக்கும். அந்தப் பக்கம்தான் ஏயு மைக் என்ற இளம் விண்மீன் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பரவாயில்லை, நாசாவின் டெஸ் விண்கலம் 2018இலும் 2020இலும் அதன் ஒளியை அளந்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மடிக்கணினியும் பைதன் நிரல்மொழியும், விண்மீன் ஒளித் தரவைக் கையாளும் 'லைட்கர்வ்' மென்பொருளும் போதும்.

தூரம் சுமார் 32 ஒளியாண்டு. வயது 2 கோடி ஆண்டுக்குச் சற்று மேல், சூரியனுக்கு முன்னால் பச்சைக்குழந்தை.

முதலில் 2018 தரவை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதம் உள்ளதை, இறக்கி வரையுங்கள். ஒன்றையும் திருத்தாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். பெரிய அலை ஒன்று ஏறி இறங்கும். கரும்புள்ளிகள் நிறைந்த விண்மீன் 4.86 நாளுக்கு ஒருமுறை சுழல்வதால் வருவது அது. திடீரென எழும் ஊசிகள், பிளேர் எனும் வெடிப்புகள். நாம் தேடும் கிரகம் விண்மீனின் முன்னே கடக்கும்போது மறைப்பதோ அதன் ஒளியில் வெறும் 0.26 சதவீதம், அதுவும் மூன்றரை மணி நேரம்தான்.

அலையை நீக்கும்போதுதான் நான் பிழைவிட்டேன். அலையைத் தட்டையாக்கும் 'பிளாட்டன்' கட்டளையில் தானாக வரும் சாளர அளவு, அதாவது ஒரே வீச்சில் சேர்த்துப் பார்க்கும் அளவு, 101 புள்ளி. கணக்குப் பாருங்கள்: 202 நிமிடம், கிட்டத்தட்ட மறைப்பின் நீளமேதான். அலையோடு கிரகத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, பள்ளம் எங்கே என்று இரண்டு இரவு தேடினேன். 601 புள்ளி, அதாவது சுமார் 20 மணி நேரம் வையுங்கள். அதற்கு முன், டெஸ் நேரக் கணக்கில் (நாட்களில்) மறைப்பு நிகழ்ந்த 1330.39ஐயும் 1347.32ஐயும் சுற்றியுள்ள புள்ளிகளை மூடி, கணக்கில் சேராமல் செய்யுங்கள். கிரகத்தின் சுற்றுக்காலம் 8.46 நாள் என்பதால் நடுவிலும் ஒரு மறைப்பு உண்டு, அது தரவு இடைவெளியில் விழுந்துவிட்டது.

வெடிப்புகளை வெட்டும்போது மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். கீழ்பக்கமும் வெட்டினால் கிரகம் போய்விடும்.

அப்புறம் தரவை 8.46 நாளுக்கு மடித்து, அதாவது அந்த நீளத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் சின்ன மேடு தெரிந்தால் உடனே அழிக்க வேண்டாம். அது வெடிப்பாகவும் இருக்கலாம், கிரகம் கரும்புள்ளி ஒன்றின் மேல் கடந்ததாகவும் இருக்கலாம். அந்த மறைப்பைத் தனியாக எடுத்து, திருத்தாத தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.