சொன்ன தேதியில் பார்சல் வரவில்லையா? பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

சொன்ன நாள் தாண்டி வந்த பார்சலை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 2020ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, அறிவித்த நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. புயல், வெள்ளம் போல யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு. பண்டிகைத் தள்ளுபடி நெரிசலைக் காரணம் காட்டினால், அது எதிர்பார்த்த நெரிசல்தானே என்று எழுதியே கேளுங்கள்.

அந்த 'அறிவித்த நாள்' எது என்பதில்தான் சிக்கல். தாமதமானதும் ஆப்பில் புதுத் தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும், பழையது மறைந்துவிடும். அதனால் பணம் கட்டிய கையோடு தேதி தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆர்டரை உறுதிசெய்யும் மின்னஞ்சலையும் அழிக்க வேண்டாம். 'வீட்டில் ஆள் இல்லை' என்று பொய்யாகப் பதிவானால் அன்றே மறுத்து எழுதி, அன்றைய அழைப்புப் பட்டியலையும் படமெடுத்து வையுங்கள். பொருள் கைக்கு வராமல் ஓடிபி சொல்லாதீர்கள். சொன்னால் டெலிவரி ஆனதாகவே பதிவாகும்.

ரத்து செய்யும்போது 'மனம் மாறிவிட்டது' என்பதைத் தொடாதீர்கள். தாமதம் என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள்.

சாட்டில் மன்னிப்பு மட்டுமே கிடைக்கிறதா? தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. ஆர்டர் எண், சொன்ன தேதி, கட்டிய தொகை, கேட்பது என்ன என்ற நான்கும் போதும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள், மோசடிக்காரர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். பணம் திரும்ப வருவதற்கு யூபிஐ பின் எதற்கும் தேவையில்லை.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுபோவார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குப் போடுவதற்கான கெடு 2 ஆண்டுகள்.