ஃபின்மார்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இந்த ஊர் எப்படி வாக்குப் போடுகிறது?

நோர்வேயின் வட கோடி மாவட்டமான இங்கே மீன் தொழிற்சாலையோ முதியோர் இல்லமோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் கிழமையிலேயே கோப்பி இடைவேளையில் தலைநகர் ஒஸ்லோவுக்கு ஏச்சு விழுவதைக் கேட்பீர்கள். ஏசுபவர் இடதுசாரியா வலதுசாரியா என்று குழம்ப வேண்டாம். ஃபின்மார்க்கில் இரண்டு பக்கமும் அதைத்தான் செய்யும். டென்மார்க்கை விடப் பெரிய நிலம், அதில் ஏறத்தாழ 75,000 பேர். தங்கள் வாழ்க்கையைத் தூரத்தில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்ற கோபம் கட்சி பார்ப்பதில்லை.

1994இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் வேண்டாம் என்றவர்கள் 52 வீதம்தான். ஃபின்மார்க்கிலோ நான்கில் மூன்று பேர் அளவுக்கு வேண்டாம் என்றார்கள். பெரிய காரணம் மீன்: தங்கள் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பிரசெல்ஸ் முடிவு செய்யும் என்ற பயம். பிறகு, ஃபின்மார்க்கை அயல் மாவட்டமான ட்ரொம்ஸோடு இணைக்க அரசு முடிவெடுத்தது. 2018இல் மாவட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தால் 87 வீதம் எதிர்ப்பு. அப்படியிருந்தும் 2020 ஜனவரியில் இணைத்தார்கள். 2021இல் ஆட்சி மாறியது. 2024 ஜனவரி 1ஆம் திகதி இரண்டும் மறுபடி பிரிந்தன. "சேர்ந்தே இருந்திருந்தால் செலவு மிச்சமே" என்று நல்ல மனதோடு சொல்லிவிடாதீர்கள். கோப்பி ஆறிப்போகும் வரை பாடம் நடக்கும்.

பழைய கணக்குப்படி இது சிவப்பு மாவட்டம், அதாவது இடதுசாரிகளின் கோட்டை. 1903இல் மெஹாம் என்ற கரையோர ஊரில் மீனவர்கள் திரண்டு ஒரு திமிங்கில வேட்டை நிலையத்தையே உடைத்துப்போட்டார்கள். திமிங்கிலத்தைக் கொல்வதால்தான் மீன் கரைக்கு வரவில்லை என்று நம்பினார்கள். 1906இல் இசாக் சாபா என்ற, வடக்கின் பழங்குடியான சாமி (Sámi) இன ஆசிரியர் இங்கிருந்து தொழிற்கட்சிக்காக நாடாளுமன்றம் போனார். அங்கே போன முதல் சாமி அவர்தான். 1944இல் கிழக்கு ஃபின்மார்க்கை ஜேர்மனியரிடமிருந்து மீட்டது சோவியத் படை. பின்வாங்கிய ஜேர்மனியர் ஊர் ஊராக எரித்துவிட்டுப் போனார்கள். வயதானவர்களிடம் ரஷ்யாவைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இன்று அந்தச் சிவப்பு வெளிறிக்கொண்டு வருகிறது. 2021இல் அல்தாவுக்கு முழு வைத்தியசாலை கேட்ட நோயாளர் கட்சி ஒன்று ஒரு நாடாளுமன்ற இடத்தைப் பிடித்தது. அல்தாதான் மாவட்டத்தின் பெரிய பட்டணம். வைத்தியசாலைகளோ ஹமர்ஃபெஸ்டிலும் கிர்கெனெஸிலும். பனிப்புயலில் வீதியை மூடிவிட்டால் பிரசவ வலியோடு எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள், அந்த வாக்குப் புரியும்.

முன்னேற்றக் கட்சி 2025 தேர்தலில் நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியானது. குடிவரவைக் குறைக்கச் சொல்லும் கட்சி என்பதால் நம்மவர்கள் பலருக்கு அந்தப் பெயரே கசக்கும். என் அபிப்பிராயம் இது: பக்கத்து மேசையில் இருப்பவர் அவர்களுக்கு வாக்களித்தார் என்றால் உங்களை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் விலையும் எண்ணெய் வேலையும் பனி ஸ்கூட்டர் ஓட்டும் உரிமையும் கூட இங்கே வாக்காகின்றன. எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் இந்தக் கரையோர ஊர்களில் மீன் வெட்டியிருக்கிறார்கள். பலர் பிறகு ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டாலும் தமிழர் இங்கே புதுமுகம் இல்லை.

காற்றாலை, மின்கம்பித் தொடர், சுரங்கம் என்று பேச்சு வந்தால் கொஞ்சம் காது கொடுங்கள், உடனே கருத்துச் சொல்லாதீர்கள். ஒருவருக்கு அது வேலை, இன்னொருவருக்கு அவர் வளர்க்கும் கலைமான் மேயும் நிலம். சாமி மக்களுக்கு 1989இலிருந்து கராஷோக்கில் தனி நாடாளுமன்றம் இருக்கிறது. அதற்குத் தனி வாக்காளர் பட்டியல். அப்புறம், இங்கே வசிப்பவர்களுக்கு 1990இலிருந்து வருமான வரி குறைவு, படிப்புக் கடனிலும் ஆண்டுக்கு ஒரு பகுதி தள்ளுபடி. இங்கே நின்று இதை நிறுத்துவேன் என்று சொல்லும் வேட்பாளரை நான் கண்டதில்லை.

சரி, உங்கள் வாக்கு? நாடாளுமன்றத்துக்கு நோர்வேக் குடியுரிமை வேண்டும். கொமூன் (உள்ளூராட்சி) சபைக்கும் மாவட்ட சபைக்கும் அது தேவையில்லை: 18 வயது, அதோடு தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மக்கள் பதிவேட்டில் இருந்தால் போதும். அடுத்த உள்ளூர்த் தேர்தல் 2027 செப்டெம்பரில். 2024 செப்டெம்பருக்குப் பிறகு வந்தவர்கள் 2031 வரை காத்திருக்க வேண்டும். தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, பதிவேட்டைப் பார்த்தே பட்டியல் போடுவார்கள். ஆகவே ஊர் மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள். நீண்ட நாள் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தங்கப் போய்ப் பதிவு விட்டுப்போனால் மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இரண்டாயிரம் பேர் இருக்கும் வர்டோ, போட்ஸ்ஃபியூர் போன்ற கொமூன்களில் சபையின் ஓர் இடம் சில பத்து வாக்குகளில் கைமாறலாம். படம் உள்ள அடையாள அட்டையோடு போங்கள். மறைப்புக்குள் கட்சியின் தாளை எடுத்து, பிடித்த வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் அடையாளமிடலாம். கொமூன் தாளில் வேறு கட்சி வேட்பாளரின் பெயரையும் எழுதிச் சேர்க்கலாம், மாவட்டத் தாளில் முடியாது. மடித்துக் கொண்டுவந்து முத்திரை குத்தச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத தாள் செல்லாது. வேட்பாளர்களை முன்கூட்டியே அறிய வேண்டுமானால் கொமூன் சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். யாரும் வரலாம்.