அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் தேறுமா? செய்தியைப் படித்து நீங்களே கணக்குப் போடுவது எப்படி

ஒவ்வொரு முறை இங்கே ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதும் ஊரிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் வரும், "இத்தனை பிள்ளைங்க செத்த பிறகாவது சட்டம் போட மாட்டாங்களா?" என் மகள் பாலர் வகுப்பிலேயே, டீச்சர் விளக்கை அணைத்ததும் மூலையில் போய் மூச்சுக் காட்டாமல் உட்காரப் பழகியவள். அதனால் எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாதுதான், ஆனால் ஒரு மசோதா வந்த முதல் சில வாரங்களிலேயே அது தேறுமா தேறாதா என்று ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம். பல வருடமாக நான் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

முதலில், அதிபர் பேசுவதைப் பார்க்காதீர்கள். 60 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபையில் பாதிக்கு மேல் ஓட்டு கிடைத்தால் மசோதா தேறிவிடும். செனட்டில் 100 பேர், கணக்குப்படி 51 போதும், ஆனால் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்கு வரவே 60 பேர் வேண்டும். ஃபிலிபஸ்டர் என்று சொல்வது இதைத்தான். 41 பேர் சேர்ந்து நின்றால் ஏறக்குறைய எந்த மசோதாவையும் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. துப்பாக்கி வாங்குபவர் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை (குற்றப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது) வேண்டும் என்று கருத்துக் கணிப்புகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சொல்லியும் அது தேசியச் சட்டமாகாமல் நிற்பதற்கு இந்த இரண்டும்தான் பெரிய காரணம்.

2013-ஐ நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒபாமா இரண்டாம் முறை ஜெயித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, செனட்டும் அவர் கட்சியின் கையில். மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் ஜனநாயகக் கட்சி, பென்சில்வேனியாவின் பாட் டூமி குடியரசுக் கட்சி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் என்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ரைஃபிள் சங்கத்திடம் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த அந்த இருவரும் சேர்ந்து, துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் செனட்டர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று ஆதரவாக 54, எதிராக 46. ஜெயித்தது 46.

அந்த 46 பேரின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அலாஸ்கா, ஆர்கன்சா, மொன்டானா, வடக்கு டகோட்டா என்று நாலு மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் அதில் இருந்தார்கள். (கட்சித் தலைவர் ஹாரி ரீடும் எதிர்த்து ஓட்டுப் போட்டார், ஆனால் அது பிறகு மறுபடி கொண்டுவர வழி வைக்கும் விதிமுறைக்காக மட்டுமே.) அதனால் கட்சி நிறத்தை மட்டும் பார்த்து எண்ணாதீர்கள், அவர் எந்த மாநிலம், அடுத்த தேர்தல் எப்போது என்று பாருங்கள். அலாஸ்கா, ஆர்கன்சா செனட்டர்கள் இருவருக்கும் அடுத்த வருடம் தேர்தல். துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டும் இருவருமே தோற்றார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்தது, மசோதா என்ன கேட்கிறது என்று பாருங்கள். எல்லாத் துப்பாக்கி மசோதாவும் ஒரே எடை இல்லை. ஒரு ரகத்தையே தடை செய்வதுதான் மிகக் கடினம். 2013-இல் அதே நாளில் வந்த தாக்குதல் ரகத் துப்பாக்கி (ராணுவத் துப்பாக்கி பாணியில் செய்தது) தடைக்கு 40 ஓட்டுதான் விழுந்தது. அதற்கு ஒரு படி கீழே எல்லா விற்பனைக்கும் சோதனை. அதற்கும் கீழே, ஏற்கனவே உள்ள சோதனையில் ஓட்டையை அடைப்பதும் மாநிலங்களுக்குப் பணம் கொடுப்பதும். மத்தியில் ஏதாவது நிறைவேற வேண்டுமென்றால் இப்போதைக்கு அது இந்தக் கடைசிப் படியில்தான் நிறைவேறும். எனக்கு அது போதாது, ஆனால் கணக்குப் போடும்போது ஆசையை ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது.

2022-இல் அப்படித்தான் நடந்தது. மே 14 அன்று பஃபலோவில் ஒரு மளிகைக் கடையில் 10 பேர், பத்து நாள் கழித்து டெக்சஸ் யுவால்டியில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாண்டி ஹுக் நடந்தபோது அந்த ஊருக்கே பிரதிநிதியாக இருந்த கிறிஸ் மர்ஃபி, கிர்ஸ்டன் சினிமா என்ற ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் இருவரும், டெக்சஸின் ஜான் கார்னின், தாம் டில்லிஸ் என்ற குடியரசுக் கட்சி செனட்டர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஜூன் 12 அன்று வந்த வரைவில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 10 பேரின் பெயர் இருந்தது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் 50, அதோடு இந்த 10, மொத்தம் 60. அன்றைக்கே எங்கள் குழுவில் "இந்தத் தடவை வரும்" என்று எழுதினேன். ஜூன் 23 செனட்டில் 65-க்கு 33, மறுநாள் சபையில் 234-க்கு 193, ஜூன் 25 பைடன் கையெழுத்து. 21 வயதுக்குக் கீழே இருப்பவர் வாங்க வந்தால் அவருடைய சிறுவயதுக் குற்றப் பதிவையும் பார்க்க வேண்டும். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டங்களை நடத்த மாநிலங்களுக்குப் பணம். மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவனுக்கு இருந்த தடை, கூட வாழாத காதலியை அடித்தவனுக்கும் விரிந்தது. வயது வரம்பு 21 ஆகவில்லை, எல்லா விற்பனைக்கும் சோதனை வரவில்லை.

ஆதரித்த குடியரசுக் கட்சியினர் கடைசியில் 15 பேர். அவர்களில் நாலு பேர் அந்த வருடத்தோடு ஓய்வு பெறுபவர்கள், அந்த நவம்பரில் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இரண்டே இரண்டு பேர். அடுத்த முறை பெயர்ப் பட்டியல் வந்தால் பக்கத்திலேயே தேர்தல் வருடத்தையும் எழுதிப் பாருங்கள், யார் நகர்வார் என்பது அதிலேயே தெரியும்.

"சபையில் நிறைவேறியது" என்ற தலைப்பைப் பார்த்து மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். எல்லா விற்பனைக்கும் சோதனை என்ற மசோதா 2019 பிப்ரவரியில் 240-190, 2021 மார்ச்சில் 227-203 என்று சபையைத் தாண்டியது. தாக்குதல் ரகத் தடை 2022 ஜூலையில் 217-213. மூன்றும் செனட்டில் அப்படியே கிடந்து காலாவதியாகின.

சட்டம் வந்துவிட்டால் அதன் வாசகத்தைப் படியுங்கள், முக்கியமாகக் கடைசிப் பக்கங்களை. 1994 தாக்குதல் ரகத் தடை பத்து வருடத்தில் தானாகவே காலாவதியாகும் என்று எழுதித்தான் நிறைவேற்றினார்கள். ஏற்கனவே வெளியே இருந்த துப்பாக்கிகளுக்கு விலக்கு. துப்பாக்கியில் என்னென்ன பாகம் இருந்தால் தடை என்று வரையறுத்ததால், கம்பெனிகள் ஒன்றிரண்டு பாகத்தைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்றன. 2004 செப்டம்பர் 13 அன்று அது முடிந்தது, நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. கால அளவுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன்: 1981-இல் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது, பிரேடியின் பெயரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா வந்தது 1987-இல், சட்டமானது 1993-இல்.

நீதிமன்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனிமனிதர் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. 2022-இல் செனட் ஓட்டுப் போட்ட அதே ஜூன் 23 அன்று காலையில், துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல நியூயார்க் வைத்திருந்த உரிம விதியை அது ரத்து செய்து, எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று புது அளவுகோல் வைத்தது. அதிபர் ஆணை போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2017-இல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் கூட்டத்தின் மேல் சுட்டவன் பயன்படுத்திய, துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் கருவியை டிரம்ப் அரசே விதிமுறை மூலம் தடை செய்தது, அந்தத் தடையை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று நீக்கிவிட்டது. நாடாளுமன்றம் எழுதாத சட்டத்தை ஒரு துறை எழுத முடியாது என்பது காரணம்.

பட்ஜெட் மசோதாவையும் விடாதீர்கள். அதற்கு 60 வேண்டாம், 51 போதும், ஆனால் பண விஷயம் மட்டுமே அதில் வரலாம். 1934-லிருந்து சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிக்கும் இருந்த 200 டாலர் வரியை 2025 ஜூலையில் அப்படித்தான் பூஜ்ஜியம் ஆக்கினார்கள். பதிவு செய்யும் கட்டாயத்தையே எடுத்துவிடவும் பார்த்தார்கள், அது பண விஷயமில்லை என்று செனட்டின் விதிமுறை அதிகாரி தடுத்துவிட்டார். கட்டுப்பாட்டைக் கூட்டுவதற்கு 60 தேவைப்படும் அதே இடத்தில் குறைப்பதற்கு இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

சரி, இங்கே குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியது. ஓட்டு இல்லாவிட்டாலும் நீங்கள் அந்தத் தொகுதிக்காரர்தான், அதனால் உங்கள் இரண்டு செனட்டர்களையும் பிரதிநிதியையும் தயங்காமல் கூப்பிடலாம். நாடாளுமன்றத்தின் பொது எண் 202-224-3121, மாநிலத்தைச் சொன்னால் இணைப்புக் கொடுப்பார்கள். வேறு மாநிலத்து செனட்டரை அழைப்பதில் பயன் குறைவு, முதலில் அஞ்சல் குறியீட்டைத்தான் கேட்பார்கள். பெயர், ஊர், மசோதா எண், ஆதரிக்கச் சொல்கிறீர்களா எதிர்க்கச் சொல்கிறீர்களா, அவ்வளவு போதும், ஒரு நிமிட வேலை. முதல் தடவை எனக்குக் குரல் நடுங்கியது, எடுத்த பெண் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள். துப்பாக்கிச் சூடு நடந்த அன்றைக்கு எல்லோரும் அழைப்பார்கள். விவாதத்தை முடிக்கும் ஓட்டெடுப்புக்கு முந்தின இரண்டு மூன்று நாள்தான் முக்கியம், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அப்புறம் மாநில சட்டமன்றம். ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2018 மார்ச்சில், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கிய ஃபுளோரிடா சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட். அவரே செனட்டராகி 2022 சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். வாஷிங்டனில் அசையாத ஆள் தன் மாநிலத்தில் அசையலாம், அதனால் மாநிலத் தலைநகரில் இருப்பவர்களின் எண்ணையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஓட்டெடுப்பு முடிந்ததும் யார் எப்படிப் போட்டார்கள் என்ற பட்டியல் செனட் தளத்தில் வரும். உங்கள் செனட்டரின் பெயரைப் பாருங்கள், ஆதரித்திருந்தால் மறுநாள் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள், எதிர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், எழுத்தில் பதில் வேண்டும் என்று சொல்லி முகவரியும் கொடுங்கள்.