பாலைவன சைக்கிள் பந்தயம்: குமரியிலிருந்து செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொராக்கோவில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய டைட்டன் டெசர்ட் போன்ற மவுண்டன் பைக் பந்தயங்களில், ஆறு கட்டங்களாக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்தை மணலிலும் கல் நிலத்திலும் கடக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ இதற்குப் புறப்பட நினைக்கும் இளைஞர்கள், "வெயில் நமக்கென்ன புதிதா?" என்று கேட்பார்கள். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நம் மாவட்டத்து வெயில் கடற்காற்றின் ஈரத்தோடு வருவது. வியர்வை வழிந்து சட்டையை நனைப்பதால், நீர் வற்றுவது நமக்கே தெரிந்துவிடும். பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை சுரந்த உடனே ஆவியாகிவிடும். ஜெர்சியின் முதுகிலும் ஹெல்மெட் வாரிலும் படியும் வெள்ளை உப்புக்கோடுகளைப் பார்த்துத்தான் எவ்வளவு இழந்தோம் என்று ஊகிக்க முடியும். வியர்க்கவில்லையே என்று நீரைக் குறைப்பது ஆபத்து. அதைவிடக் கவனிக்கப்படாத ஆபத்து, மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை தோன்றும்போது, அதை நீரிழப்பு என்று எண்ணி மேலும் குடிப்பவர்கள் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை இழந்திருக்கிறோம்; எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம்.

தார்ச்சாலையில் மட்டும் பயிற்சி செய்துவிட்டுச் செல்வதும் தவறு. சொத்தவிளைக் கடற்கரை மணலிலோ, பக்கத்து மாவட்டங்களில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளிலோ ஓட்டிப் பார்த்தால்தான், டயரில் காற்றைக் குறைக்கவும், உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டுசெல்லவும், கைப்பிடியை இறுக்காமல் லேசான கியரில் சீராக மிதிக்கவும் பழக்கம் வரும். கடற்கரையில் ஓட்டிய சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு சங்கிலியை அரித்துவிடும். எதிர்காற்றுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயை விடச் சிறந்த பயிற்சிக்களம் நமக்கு இல்லை. ஆனால் முப்பந்தல் காற்றாலைகளை வேகமாகச் சுழற்றும் அந்தக் காற்று தென்மேற்குப் பருவத்தில்தான் வீசும். சித்திரை மாதப் பந்தயத்துக்குச் செல்பவர் முந்தைய ஆண்டின் ஆனி, ஆடியிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் நாம் சங்கிலிக்குப் பூசும் பிசுபிசுப்பான எண்ணெயை அங்கேயும் பூசக் கூடாது. அது தூசியைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் போலப் பற்சக்கரங்களைத் தேய்த்துவிடும். மெழுகு வகை எண்ணெய் நல்லது. ட்யூப்லெஸ் டயருக்குள் இருக்கும், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் வறண்ட வெப்பத்தில் விரைவில் காய்ந்துவிடுவதால், கையிருப்பு வேண்டும். பின்பக்கக் கியர் மாற்றியைச் சைக்கிள் சட்டத்தோடு இணைக்கும் டிரெயிலியர் ஹேங்கர் (derailleur hanger) ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் உபரியாக ஒன்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

சக்தி தரும் புதிய ஜெல் உணவுகளைப் பந்தய நாளில் முதன்முறையாக உண்ணக் கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ் உப்பும் சக்தியும் தரும், வெப்பத்தில் உருகாது; ஆயினும் வறண்ட வாயில் அதை மென்று விழுங்குவது கடினம் என்பதால் மாலை முகாமுக்கு வைத்துக்கொள்வதே சரி. விசா, மருத்துவச் சான்றிதழ், காப்பீடு ஆகியவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

உடன் ஓட்டுபவர் தடுமாறி, பேச்சுக் குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அவருக்கு இன்னும் வியர்க்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, கையிலுள்ள தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறியபடியே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்.