பழைய புற்றுநோய் தாடைக்கு வந்தால்: எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது

வாய்ப் புற்றுநோய் என்றதும் புகையிலை, பான், குட்கா என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இங்கே சொல்ல வந்தது அது இல்லை. மார்பிலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ தொடங்கிய புற்றுநோய் ரத்தத்தின் வழியே வந்து தாடை எலும்பிலோ ஈறிலோ தங்கி வளர்வது. வாயில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது இருக்கிறது, அதனால் பல் டாக்டருக்கும் சட்டென்று தோன்றாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தோன்றாது. சொத்தைப் பல், ஈறு வீக்கம் என்று ஆன்டிபயாடிக்கிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதலில் யார் கவனமாக இருக்க வேண்டும் என்பது. பெண்களில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஆண்களில் நுரையீரல், புராஸ்டேட் வந்தவர்கள். அப்புறம் சிறுநீரகம், தைராய்டு, கல்லீரல், பெருங்குடல். "ஆபரேஷன் முடிந்து பத்து வருஷம் ஆச்சே" என்று விட்டுவிடக் கூடாது, மார்பகப் புற்றுநோயும் சிறுநீரகப் புற்றுநோயும் பல வருஷம் அமைதியாக இருந்துவிட்டுத் திரும்பி வருவது உண்டு. இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும்: இப்படித் தாடையில் பரவியது தெரியவந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு, உடம்பில் புற்றுநோய் இருப்பதே அப்போதுதான் முதல்முறையாகத் தெரியவருகிறது.

நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல நினைக்கும் அறிகுறி, மோவாய் மரத்துப் போவது. கீழ் உதட்டின் ஒரு பாதியும் அதற்குக் கீழே மோவாயும், பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரியே மரத்திருக்கும், ஆனால் ஊசி யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அதைக் கட்டி அழுத்தினால் இப்படி ஆகும். வலியே இல்லாமல்கூட வரும், அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. காப்பி குடிக்கும்போது ஒரு பக்கமாக வழிவது தெரியாமல் இருப்பது, உதட்டைக் கடித்துக்கொண்டதே தெரியாமல் இருப்பது, ஷேவ் செய்யும்போது பிளேடு பட்டது உறைக்காமல் போவது, இதெல்லாம் அதன் அடையாளம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். நோயாளி கண்ணை மூடி உட்காரட்டும். கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைத் திரித்து, முதலில் வலது மோவாயில் லேசாகத் தொடுங்கள், அப்புறம் அதே இடத்தில் இடது பக்கம். "தெரிகிறதா" என்று கேட்காதீர்கள், கேட்டால் நம் ஆட்கள் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா" என்று கேளுங்கள். கீழ் உதட்டின் இரண்டு பாதிகளிலும், ஈறின் முன்பக்கத்திலும் இதையே செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைய தேதியோடு எழுதி வைத்து, அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல் எடுத்த பிறகோ, ரூட் கெனால் செய்த பிறகோ மரத்தால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம், அதையும் டாக்டர்தான் முடிவு செய்யட்டும். ஆனால் திடீரென்று மரத்து, கூடவே வாய் கோணியது, பேச்சு குழறுகிறது, கை தொங்குகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

மற்ற அறிகுறிகள்: கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கம் வீக்கம், சொத்தையே இல்லாத பல் ஆடத் தொடங்குவது, நேற்றுவரை சரியாகப் பொருந்திய பல் செட் பொருந்தாமல் போவது, வாய் திறக்கக் கஷ்டம். ஈறில் வந்தால் சிவந்த, தொட்டால் ரத்தம் வரும் சதைக் கட்டியாக இருக்கும், பார்ப்பதற்குச் சாதாரண ஈறுக் கட்டி மாதிரியேதான் தெரியும். பல் பிடுங்கிய குழி ஆறுவதற்குப் பதிலாக அதற்குள்ளிருந்து சதை வளர்ந்து மேலே வந்தால், காத்திருக்கவே கூடாது.

பல் டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "எனக்கு இந்த வருஷம் இந்தப் புற்றுநோய் வந்தது, இந்த மருந்து போய்க்கொண்டிருக்கிறது." பல்லுக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துப் பலரும், பெண்கள் கூச்சத்தாலும், இதைச் சொல்வதே இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் டாக்டர் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வழக்கமாக முதலில் முழுத்தாடை எக்ஸ்ரே, அதாவது ஓபிஜி எடுப்பார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். மரப்பு தொடர்ந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ கேளுங்கள், தேவைப்பட்டால் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன். உறுதி செய்வது பயாப்சிதான், அதாவது கட்டியிலிருந்து சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதிப்பது. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தில் தள்ளிப் போடுபவர்கள் நிறைய, அந்தப் பயம் வேண்டாம், எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று தெரியாமல் சரியான மருந்தே கொடுக்க முடியாது. சிறுநீரகம், தைராய்டு, கல்லீரலில் இருந்து வந்த கட்டியில் ரத்தம் அதிகம் போகும் என்பதால் பெரிய மருத்துவமனையில் எடுப்பது நல்லது. போகும்போது பழைய பயாப்சி ரிப்போர்ட்டோடு, முன்பு சிகிச்சை எடுத்த இடத்தில் எழுதிக் கொடுத்து, அன்றைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடிச் சிலைடுகளையும் வாங்கிக்கொண்டு போங்கள். புதிய சதையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய உதவி.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்க சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசி போடுவார்கள். நல்ல மருந்து, ஆனால் அதனால் சிலருக்குத் தாடை எலும்பு செத்துப்போய் ஈறுக்கு வெளியே தெரியத் தொடங்கும், பல் பிடுங்கினால் அந்த ஆபத்து கூடும். அதனால் முதல் ஊசிக்கு முன்பே பல்லை முழுசாகக் காட்டி, எடுக்க வேண்டியதை எடுத்து, ஆறவிட்டு அப்புறம் ஊசி. ஏற்கெனவே ஊசி போய்க்கொண்டிருந்தால் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பல்லையும் பிடுங்கவிடாதீர்கள். தாடைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தவர்களுக்கும் இதே விதி, எத்தனை வருஷம் ஆனாலும். எட்டு வாரம் தாண்டியும் எலும்பு வெளியே தெரிந்தால் இந்த மருந்தின் பாதிப்பா, நோய் பரவியதா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

சிகிச்சை விஷயத்தில் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தாடைக்கு வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் உடம்பில் வேறு இடங்களிலும் இருக்கும், ஆகவே தாடையை வெட்டி எடுப்பது எல்லாருக்கும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் தாடைக்கு வந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், அதற்கான ஹார்மோன் மாத்திரை, கீமோ போன்றவைதான் வேலை செய்யும். தைராய்டு என்றால் சிலருக்குக் கதிரியக்க அயோடின். வலியைக் குறைக்கக் குறுகிய காலக் கரண்ட் நன்றாகவே கை கொடுக்கும், சிலருக்கு ஒரே ஒரு முறை வைத்தாலே போதும். மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் "அடிமையாகிவிடுவார்" என்று சொல்லி ஒளித்து வைக்காதீர்கள், டாக்டர் சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவில் கொடுங்கள். ஒரு சிறுநீரகம் எடுத்தவர்கள் மெடிக்கலில் தாங்களாக டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, எந்தெந்தச் சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரிலேயே கேட்டுவிடலாம்.

வீட்டில், தாடை எலும்பு அரித்திருந்தால் முறுக்கு, வறுத்த கடலை, கரும்பு, எலும்புக் கறி வேண்டாம், கடிக்கிற வேகத்தில் எலும்பு முறிந்துவிட்டவர்கள் உண்டு. குழைய வடித்த சாதம், பருப்பு, கேழ்வரகுக் கூழ், நன்றாக ஊறிய இட்லி, மசித்த முட்டை. மரத்த பக்கம் சூடு தெரியாது என்பதால் காப்பியையும் ரசத்தையும் ஆற்றிக் கொடுங்கள். மிருதுவான பிரஷ்ஷால் துலக்கி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து தினம் நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொப்பளித்துத் துப்பியதில் ரத்தம் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோடு தாடை வீங்கினாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.